அமேசான், பிளிப்கார்ட், வாட்ஸ்அப்: நாலு வழி விற்பனைக்குக் கணக்கு எழுதுவது எப்படி?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "நானும் என் நாத்தனாரும் மூன்று வருடமாகக் கருவாடு, சாயல்குடிக் கருப்பட்டி, முண்டு மிளகாய், பனையோலைப் பெட்டி எல்லாம் விற்கிறோம். அமேசான், பிளிப்கார்ட், எங்கள் சொந்த இணையதளம், வாட்ஸ்அப் என்று நாலு வழியில் ஆர்டர் வருகிறது. செயலியில் ஒரு தொகை காட்டுகிறது, வங்கியில் வேறு தொகை வருகிறது. வருட விற்பனை எவ்வளவு என்று ஆடிட்டர் கேட்டபோது பாஸ்புத்தகத்தைத்தான் கொடுத்தேன். இது போதாது என்றார். எங்கே தப்பு செய்கிறோம்?"

வங்கியில் வந்து விழுந்த தொகையை விற்பனை என்று எழுதுகிறீர்கள். தப்பு அங்கேதான் இருக்கிறது. மற்ற குழப்பம் எல்லாம் அதிலிருந்து முளைத்தவை.

உங்கள் ஊர்க் கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாம்பனில் மீன் ஏலம் போகிறது. ஏலம் 10,000 ரூபாய்க்கு முடிந்தது என்று வைப்போம். ஏலக்காரர் தன் தரகைக் கழிக்கிறார், முன்னால் கொடுத்த ஐஸ் பணத்தையும் டீசல் பணத்தையும் கழிக்கிறார், மிச்சத்தைப் படகுக்காரர் கையில் கொடுக்கிறார். அன்றைக்கு என்ன விலை போனது என்று கேட்டால் எந்தப் படகுக்காரரும் கையில் வந்த தொகையைச் சொல்ல மாட்டார். பத்தாயிரம் என்பார். தரகு வேறு, ஐஸ் வேறு, டீசல் வேறு என்று அவருக்குத் தெரியும். அமேசானும் பிளிப்கார்டும் அந்த ஏலக்காரர் இடத்தில் நிற்பவர்கள்தான். நம்மிடம் பட்டியலைக் கையில் தராமல் ஒரு கோப்பாக வைத்துவிடுகிறார்கள், நாம் அதைத் திறப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு ஆர்டரை மட்டும் பிரித்துப் பார்ப்போம். கட்டண விகிதம் பொருளுக்குப் பொருள், தூரத்துக்குத் தூரம் மாறும். அதனால் கீழே வரும் கமிஷனும் கூரியரும் கணக்குப் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். வரி விகிதங்கள் மட்டும் நடப்பில் உள்ளவை.

ஒரு கிலோ கருப்பட்டி பாக்கெட் 420 ரூபாய். பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய கருப்பட்டிக்கு, பிராண்ட் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆக சரக்கின் விலை 400, வரி 20. தளம் கமிஷனும் கூரியரும் சேர்த்து 110 ரூபாய் பிடிக்கிறது. அந்தச் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 19 ரூபாய் 80 காசு. அப்புறம் ஜிஎஸ்டி சட்டத்தின்படி தளம் உங்கள் பணத்தில் பிடித்து உங்கள் பெயரில் அரசாங்கத்துக்குக் கட்டவேண்டிய டிசிஎஸ் என்ற வரி இருக்கிறது. 2024 ஜூலை 10 வரை அது 1 சதவீதமாக இருந்தது, அதிலிருந்து அரை சதவீதம். 400 ரூபாய்க்கு 2 ரூபாய். வருமான வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் டிடிஎஸ் 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதம், 40 காசு. தனிநபர் பெயரில் தொழில் நடந்து, ஒரு தளத்தில் வருட விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாமல், பான் எண்ணும் கொடுத்திருந்தால் இந்த 40 காசு பிடிக்கமாட்டார்கள். எல்லாம் போக உங்கள் வங்கிக்கு வருவது 287 ரூபாய் 80 காசு.

இந்த 287.80-ஐ விற்பனை என்று எழுதினால் என்ன ஆகிறது? முதலில், அரசாங்கத்திடம் உங்கள் விற்பனை 400 என்று ஏற்கெனவே போய்விட்டது. தளம் மாதாமாதம் ஜிஎஸ்டிஆர்-8 என்ற படிவத்தில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு விற்பனையைச் சொல்லிவிடுகிறது. டிடிஎஸ் பிடித்திருந்தால், உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் என்ற வருமான வரி அறிக்கையிலும் முழுத்தொகை நிற்கும். நீங்கள் குறைத்துச் சொன்னால் இரண்டு எண்ணும் மோதும், நோட்டீஸ் வரும். நீங்கள் எதையும் மறைக்க நினைக்கவில்லை. ஆனாலும் மறைத்தது போலத்தான் தெரியும்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு வயிற்றெரிச்சல். கழிந்துபோன 132 ரூபாய் 20 காசில் உண்மையான செலவு 110 மட்டும். மீதி 22 ரூபாய் 20 காசு உங்கள் பணம். 19.80 உள்ளீட்டு வரி, அதாவது நீங்கள் வாங்கிய சேவைக்குக் கட்டிய ஜிஎஸ்டி. நீங்கள் கட்டவேண்டிய 20 ரூபாய் வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தால் இந்த ஆர்டருக்குக் கையிலிருந்து கட்டுவது 20 காசு. டிசிஎஸ் 2 ரூபாயும் டிடிஎஸ் 40 காசும் உங்கள் வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியவை. வங்கித் தொகையை விற்பனையாக எழுதுகிறவர்களுக்கு இந்த 22 ரூபாய் இருப்பதே தெரியாது. மாதம் 300 ஆர்டர் போகிற வீட்டில் இது 6,660 ரூபாய். கருவாட்டைப் புரட்டிப்போடும் ஒரு அக்காவுக்குக் கூலி கொடுக்கலாம்.

சரி, இதை எப்படி எழுதுவது? ஒவ்வொரு வழிக்கும் ஒரு நடுக்கணக்கு, அதாவது பணம் கைக்கு வரும்வரை தொகையை நிறுத்திவைக்கும் கணக்கு, திறங்கள். டாலி, ஜோஹோ புக்ஸ் போன்ற கணக்கு மென்பொருளில் 'அமேசான் வரவேண்டியது', 'பிளிப்கார்ட் வரவேண்டியது', 'இணையதளக் கேட்வே', 'கூரியர் கேஷ் ஆன் டெலிவரி' என்று தனித்தனி லெட்ஜர். நோட்டில் எழுதினாலும் தனித்தனிப் பக்கம். பார்சல் கிளம்பி இன்வாய்ஸ் போட்ட அன்றே அமேசான் பக்கத்தில் 420 பற்று, விற்பனையில் 400, வரியில் 20 வரவு. பணம் எப்போது வரும் என்ற கேள்வியே அப்போது வேண்டாம். தளம் பிடித்தம் போகப் பணம் அனுப்பும் செட்டில்மென்ட் வந்த அன்று வங்கியில் 287.80, கமிஷனும் கூரியரும் 110, உள்ளீட்டு வரி 19.80, டிசிஎஸ் 2, டிடிஎஸ் 40 காசு என்று ஐந்தாகப் பிரித்துப் பற்று எழுதி, அமேசான் பக்கத்தில் 420 வரவு வையுங்கள். அந்த ஆர்டரைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் பூஜ்யம்.

அந்தப் பூஜ்யத்தைத்தான் நாம் துரத்துகிறோம். ஒரு நடுக்கணக்கில் மாதக் கடைசியில் 14,300 ரூபாய் நிற்கிறது என்றால், இன்னும் பணம் வராத ஆர்டர்களைக் கூட்டினால் சரியாக 14,300 வரவேண்டும். வரவில்லையா, அந்த வித்தியாசத்துக்குள் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது. ரிட்டர்ன் பதியாமல் விட்டிருப்போம், தளம் ஒரு ஆர்டருக்குப் பணமே தராமல் விட்டிருக்கும், எடைக்கட்டணம் கூடப் பிடித்திருக்கும். மார்ச் 31 அன்று இது இன்னும் முக்கியம். மார்ச் 28-இல் போன பார்சலுக்கு ஏப்ரலில் பணம் வரும். ஆனால் அது மார்ச் விற்பனைதான்.

எல்லாவற்றையும் கட்டும் கயிறு ஆர்டர் எண். இன்வாய்ஸ், செட்டில்மென்ட் கோப்பு, ரிட்டர்ன் குறிப்பு, கூரியர் பில் நான்கிலும் அது இருக்கவேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை, நான் பார்த்த அநேகம் பேர் இதில் விழுந்திருக்கிறார்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணை நினைவில் வைக்காது. நீளமான ஆர்டர் எண்ணை எண்ணாகவே ஒட்டினால் 15-க்குப் பிறகு வரும் இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும். அப்புறம் வெவ்வேறு ஆர்டர்கள் ஒரே எண்ணாகத் தெரியும், எதுவும் எதோடும் பொருந்தாது. கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக மாற்றிவிடுங்கள். ஒருமுறை சேமித்துவிட்டால் போன இலக்கம் திரும்பாது, மூலக் கோப்பைத்தான் மறுபடி இறக்கவேண்டும்.

இன்வாய்ஸ் எண்ணிலும் வழியைப் பிரிக்கலாம். ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராத வரிசை எண், 16 எழுத்துக்கு மிகாமல் இருக்கவேண்டும் என்பதே விதி. ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை வைத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. வாட்ஸ்அப் விற்பனைக்கு ஒரு முன்னெழுத்து, இணையதளத்துக்கு வேறொன்று என்று வைத்தால் எண்ணைப் பார்த்ததுமே எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

சொந்த இணையதளத்தின் கணக்கு இதைவிட எளிது. வாடிக்கையாளரிடம் இணையத்தில் பணம் வாங்கித் தரும் பேமெண்ட் கேட்வே 2 சதவீதம் எடுக்கிறது என்றால் 500 ரூபாய் ஆர்டருக்குக் கட்டணம் 10, அதற்கு ஜிஎஸ்டி 1.80, உங்களுக்கு 488.20. உங்கள் தளத்தில் நீங்களே விற்பதால் டிசிஎஸ் கிடையாது. பத்து ஆர்டரின் பணம் ஒரே தொகையாக இரண்டு மூன்று நாள் தள்ளி வரும். அதற்கு யுடிஆர் என்ற வங்கிப் பரிமாற்ற அடையாள எண் இருக்கும். கேட்வே அறிக்கையிலும் வங்கி அறிக்கையிலும் அதே எண் இருக்கும், அதை வைத்துச் சேர்த்துவிடலாம். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டருக்கு மட்டும் பணம் கூரியர் கம்பெனியிடம் இருக்கிறது. அவர்களுக்குத் தனி நடுக்கணக்கு வேண்டும் என்று சொன்னது அதற்காகத்தான்.

வாட்ஸ்அப்பில் கமிஷன் இல்லை, யுபிஐ-யில் முழுப் பணமும் வந்துவிடும். ஆனால் நான் பார்த்த வரையில் மிக மோசமான கணக்கு அதில்தான். ஏனென்றால் அந்தப் பணம் வீட்டுக் கணக்கில் வருகிறது. சீட்டுப் பணம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்துச் செலவு, நெத்திலி அரைக் கிலோ எல்லாம் ஒரே வரிசையில். கீழக்கரைக்காரர் ஒருவர் துபாயிலிருந்து தன் அம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ஆர்டர் போடுவார், பணத்தை அவர் மச்சான் அனுப்புவார், மூன்று பெயருக்கும் சம்பந்தமே தெரியாது. தொழிலுக்கு ஒரு நடப்புக் கணக்கு திறந்து, அதன் கியூஆரை மட்டும் அனுப்புங்கள். பணம் வந்த அந்த நிமிடமே இன்வாய்ஸ் எண்ணை அந்த அரட்டையிலேயே பதிலாக அனுப்பிவிடுங்கள். வாடிக்கையாளருக்கு ரசீது, உங்களுக்குக் குறிப்பு.

ரிட்டர்னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கருவாட்டில் ரிட்டர்ன் என்பது சட்டை ரிட்டர்ன் மாதிரி இல்லை. பத்து நாள் வண்டியிலும் குடோனிலும் கிடந்து திரும்பிவந்த வாளைக் கருவாட்டை மறுபடி விற்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் திரும்பிவந்த கருப்பட்டி கசிந்து பெட்டியோடு ஒட்டியிருக்கும். ஓலைப்பெட்டி மட்டும்தான் பெரும்பாலும் நல்லபடி வரும். ஆகவே ஒரு ரிட்டர்னுக்கு மூன்று பதிவு. ஒன்று, கிரெடிட் நோட் போட்டு விற்பனையையும் வரியையும் குறைப்பது. அதை அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் காட்டவேண்டும், ஆனால் அந்த மாதமே போட்டுவிடுவதுதான் நிம்மதி. இரண்டு, தளம் எதைத் திருப்பித் தந்தது என்று பார்ப்பது. கமிஷன் திரும்பலாம், கூரியர் பெரும்பாலும் திரும்பாது, கூடவே திரும்பிவந்த கூலியும் பிடிப்பார்கள். மூன்று, சரக்கு கையிருப்புக்குப் போனதா குப்பைக்குப் போனதா என்று எழுதுவது. வீணான சரக்கை அடைத்த பை, அட்டைப்பெட்டிக்கு வரிக்கழிவு எடுத்திருந்தால் அதைத் திருப்பி வைக்கவேண்டும் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது.

இதற்கு நான் எல்லோரிடமும் சொல்வது, பார்சல் வந்திறங்கும் வாசலில் ஒரு நோட்டு. ஆர்டர் எண், வந்த தேதி, சரக்கின் நிலை. பிரிக்கும்போதே கைபேசியில் வீடியோ. 'ரிட்டர்ன் கொடுத்தாயிற்று' என்று தளம் சொல்லி, நோட்டில் அது இல்லை என்றால் சரக்கு உங்களிடம் வரவேயில்லை. அதற்கு இழப்பீடு கேட்கலாம், ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் கேட்கவேண்டும். கிடைத்த இழப்பீட்டை விற்பனையோடு கலக்காமல் தனித் தலைப்பில் வையுங்கள்.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடம் முன்பு என் வீட்டிலும் முண்டு மிளகாய் விற்றோம். 2023-இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த புதிது, ஆர்டர் நன்றாக வந்தது. அரைக் கிலோ பாக்கெட்டுக்கு ஒரு தளம் ஏழு மாதம் ஒரு கிலோவுக்கு மேல் எடைக்கட்டணம் பிடித்திருக்கிறது. மொத்தத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஆர்டர் ஆர்டராக ஒட்டிப் பார்த்தபோதுதான் வெளியே வந்தது. கேட்டோம். பழைய ஆர்டர்களுக்குக் கெடு முடிந்துவிட்டது என்று கடைசி மாதத்துக்கு மட்டும் திருப்பித் தந்தார்கள். அதன் பிறகுதான் மாதம் ஒருமுறை பார்ப்பதை விட்டு, ஒவ்வொரு செட்டில்மென்ட்டும் வந்த வாரமே பார்க்கத் தொடங்கினேன்.

எடைக்கட்டணம் ஏன் கூடுகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். கூரியர்கள் தராசு எடையையும் பார்ப்பார்கள், பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள், எது பெரிதோ அதற்குக் கட்டணம். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொது வழக்கம். 30க்கு 30க்கு 20 அளவில் ஒரு ஓலைப்பெட்டி அனுப்பினால் தராசில் 400 கிராம்தான் இருக்கும், கட்டணமோ 3.6 கிலோவுக்கு. மிளகாயும் இப்படித்தான், எடை இல்லாமல் இடத்தை அடைக்கும். கருப்பட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. ஓலைப்பெட்டியை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து மூன்றாக விற்கிறவர்கள்தான் அதில் காசு பார்க்கிறார்கள். எது லாபம் தருகிறது என்பது வழிக்கு வழி, பொருளுக்குப் பொருள் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அதற்கு, ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு வேண்டும். அமேசானில் நெத்திலி 250 கிராமுக்கு ஒரு பெயர், பிளிப்கார்டில் வேறு பெயர், இணையதளத்தில் 'நெத்திலியும் மிளகாயும் காம்போ' என்று இருந்தால் கையிருப்பு ஒருநாளும் ஒட்டாது. உங்கள் குறியீட்டை நீங்களே வைத்து, எந்தப் பெயர் எந்தக் குறியீடு என்று ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள்.

அடக்க விலையிலும் நம் கரைக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுச் சரக்கு மட்டும் வரும், கருவாட்டு விலை ஏறும். மார்ச்சில் வாங்கியதும் மே மாதம் வாங்கியதும் ஒரே விலை இல்லை, ஒரே சாக்கில் கொட்டிவிட்டால் லாபம் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்கிய தேதியை எழுதி, தொகுதி தொகுதியாக வையுங்கள். தலையும் தூசியும் கழிந்த பிறகு மிஞ்சும் எடைக்குத்தான் அடக்கம் போடவேண்டும். 10 கிலோ 3,000 ரூபாய்க்கு வாங்கிச் சுத்தம் செய்தபின் 8 கிலோ நின்றால் கிலோ 375, முந்நூறு இல்லை.

மாதாமாத ஜிஎஸ்டி வேலையில் மூன்றை மட்டும் சொல்கிறேன், மற்றது உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 14ஆம் அட்டவணையில் தளம் வழியாகப் போன விற்பனையைத் தளவாரியாகக் காட்டவேண்டும். அங்கே எழுதும் எண், நடுக்கணக்கிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கமிஷனுக்கான உள்ளீட்டு வரி 14ஆம் தேதி வாக்கில் ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி என்ற உள்ளீட்டு வரி அறிக்கையில் தெரியும், அதை நீங்கள் எழுதிய 19.80-களின் கூட்டுத்தொகையோடு ஒப்பிடுங்கள். டிசிஎஸ் தானாக வந்து சேராது. ஜிஎஸ்டி தளத்தில் 'டிடிஎஸ், டிசிஎஸ் வரவு' என்ற பகுதிக்குப் போய் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் ஏறும். வருடக்கணக்கில் அதைத் தொடாமலே விட்டவர்களை எனக்குத் தெரியும்.

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் வேண்டுமா என்றால், மாதம் முந்நூறு ஆர்டர் வரை எக்செல்லும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரமும் போதும். ஒருவர் படிக்க ஒருவர் சரிபார்த்தால் இன்னும் வேகம், உங்களுக்கு நாத்தனார் இருக்கிறார். ஆர்டர் அதற்கு மேல் போனால் தளங்களின் கோப்பைத் தானாக இழுத்துப் பொருத்தும் சேவைகளுக்குப் பணம் கொடுக்கலாம். ஆனால் முதல் மூன்று மாதம் கையாலேயே செய்யுங்கள். எந்தப் பிடித்தம் எதற்கு என்று கண்ணுக்குப் பழகாமல் மென்பொருளை நம்பினால் அது சொல்வது சரியா என்று கேட்கத் தெரியாது.

பழைய மூன்று வருடத்தை இன்றைக்கே தொடவேண்டாம். முதலில் இந்த நிதியாண்டின் ஏப்ரல் 1-லிருந்து இன்று வரை உள்ள செட்டில்மென்ட் கோப்புகள், வரி அறிக்கைகள், கமிஷன் இன்வாய்ஸ்கள் எல்லாவற்றையும் இரண்டு தளத்திலிருந்தும் இறக்கி, மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போடுங்கள். போன மாதத்தை மட்டும் எடுத்து மேலே சொன்னபடி எழுதிப் பாருங்கள். அது பூஜ்யத்துக்கு வந்தால் அதற்கு முந்தைய மாதம், அப்படியே ஏப்ரல் வரை பின்னோக்கிப் போங்கள். முடிந்த வருடங்களுக்கு 26ஏஎஸ்-ஐயும், வருமான வரித்துறையின் இன்னொரு வருட அறிக்கையான ஏஐஎஸ்-ஐயும் இறக்கி, தளங்கள் உங்கள் பெயரில் காட்டிய விற்பனையையும் நீங்கள் கணக்கில் காட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஆடிட்டரிடம் கொடுங்கள். எந்த வருடத்தைத் திருத்தவேண்டும், எப்படித் திருத்தவேண்டும் என்பதை அந்தத் தாளைப் பார்த்து அவர் சொல்லிவிடுவார்.